பின்னாலிருந்து எண்ணுவது

வருடத்தில் ஒரே நாள், டிசம்பர் பதினொன்று.
நாலரை மணிக்கு நாசிக்கில் பதினாறு தொடங்கிவைக்கும்.
பதினாறு பதினைந்தைக் கூப்பிடும்,
பதினைந்து பதினாலை.
அல்சூருக்கு, என் மடியிலிருக்கும் போனுக்கு
வந்துசேர ஐந்தேகால் ஆகும்.

பேச்சு கிடையாது.
சுகமா, பிள்ளைகள் எங்கே, அங்கே மழையா,
ஒன்றும் கிடையாது.
எட்டு ஓகே என்று எட்டு சொல்லும்.
ஏழு ஓகே என்று ஏழு சொல்லும்.
வைத்துவிட்டு ஆறுக்கு அடிக்க வேண்டும்.

விமானத்தில் அப்படித்தானாம்.
கொக்கியை மாட்டிக்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றதும்
கடைசி ஆள், தன் முன்னால் நிற்பவனின்
பட்டையை, நாடாவை, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுத்
தோளில் ஓங்கி ஓர் அறை.
அவன் அடுத்தவனுக்கு.
தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது, சுலோ,
என்பார் தனகோடி.
சண்டையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.
மற்றபடி முழங்கால், பென்ஷன், ஏரி நாற்றம்.
அறுபத்தெட்டு வயதிலும்
பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்குவார்,
இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்து.
கண்டக்டர் கன்னடத்தில் திட்டுவான்.
நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன்.

தபால் அட்டைக் காலத்தில்
ஒன்றுக்குப் போய்ச்சேர மாசி ஆகிவிடுமாம்.
பிறகு பஜார் தெரு பூத், டிரங்க் கால்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
சில்லறையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
உள்ளே அவர் விறைப்பாக நின்று
இரண்டே சொல் பேசுவதைப் பார்ப்பேன்.
இதற்கா இவ்வளவு காசு?

அவர் போனது ஒரு செப்டம்பரில்.
யாருக்கும் தெரிவிக்கவில்லை.
எப்படித் தெரிவிப்பது? டைரியில் பெயர்களே இல்லை.
ஆறு, ஒரு நம்பர்.
எட்டு, ஒரு நம்பர்.
எட்டு மராட்டியரா, மலையாளியா,
ஐம்பது வருடத்தில் நான் கேட்டதில்லை.

அந்த டிசம்பரில் அடித்தது.
‘எட்டு ஓகே.’
பெண் குரல். என் வயதுக் குரல்.
இருமலை விழுங்கிக்கொண்ட குரல்.
நான் இரண்டு நாளாக இந்தியில் மனப்பாடம் செய்திருந்தேன்:
அவர் இல்லை, மன்னிக்கவும்,
இனி நேராக ஆறைக் கூப்பிடுங்கள்.
வாய் வேறு சொன்னது.
‘ஏழு ஓகே.’

அந்தப் பக்கம் மூச்சு ஒருமுறை நின்றது.
‘எத்தனை மாதம்?’
‘மூன்று.’
‘எனக்கு ஒன்பது வருடம்’ என்றாள்.
வைத்துவிட்டாள்.

ஒன்பது வருடமாக எட்டு ஒரு பொம்பளை!
ஒரு வார்த்தை சொன்னாரா மனிதர்?
போட்டோவைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன்.
மாலையைக்கூட நேராக்கவில்லை.
பிறகுதான் ஆறு ஞாபகம் வந்தது.

ஆறு யாரோ ஒரு பையன், பேரனாக இருக்கலாம்.
பின்னால் குக்கர் விசில்.
‘ஆறு ஓகே, ஆன்ட்டி.’
வரிசையை உடைத்துக் கேட்டுவிட்டேன்:
ஐந்துக்கு யார், தம்பி?
ஐந்து அன்றைக்கே திரும்பவில்லையாம்.
வயலென்று நினைத்து இறங்கியது குளம்.
பெல்காமில் ஐந்தின் தங்கை இருக்கிறாள்,
முதல் டிசம்பரிலிருந்தே
அவள்தான் சொல்லிவருகிறாளாம், ஓகே என்று.

நாலு, மூன்று, இரண்டு பற்றித் தெரியாது.
ஒன்று டில்லியில்.
ஒன்றுக்கு முன்னால் ஆள் இல்லை, கதவுதான்.
அறைய ஒரு முதுகில்லாமல்
அந்தக் கையை என்ன செய்யும், ஒன்று?

குதித்ததும் எண்ண வேண்டுமாம்.
ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு.
நாலில் மேலே பார்க்க வேண்டும்,
விரிந்திருக்கும்.
விரியாவிட்டால் வயிற்றில் கட்டிய இன்னொன்று.

இன்றைக்கு ஆறை முடித்துவிட்டுப்
போனை மடியில் வைத்தபடி எண்ணினேன்,
தோள்பட்டையில் சின்னதாக ஒரு வலி.
நாலில் மேலே பார்த்தேன்.

மூலை முழுக்க ஒட்டடை,
காற்றில் லேசாக உப்பி, நூல் நூலாக.
நாளைக்குக் கம்பு எடுத்து அடிக்க வேண்டும்.
நாளைக்குப் பார்க்கலாம்.